சார்ஜ் ஏறாத பழைய புல்லட்டும் பத்தாயிரம் ரூபாய் பில்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பைக்குகளைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. பெயின்ட், குரோம், சீட் வேலை பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் எலக்ட்ரிக்கல் பக்கம் வந்ததும், சார்ஜிங்கில் பிரச்சினை என்றால் காயில், மேக்னட், ரெகுலேட்டர், பேட்டரி, வயரிங் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு இருக்கிறவருக்கு அந்த யோசனை சரி. ஆனால் நம் ஊர்களில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் சேகரிப்பாளர்கள் கிடையாது. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை, காலையில் கடைத்தெருவுக்கும் மாலையில் கோயிலுக்கும் போய்வர ஆகிறது, அவ்வளவுதான். 2021 விதியின்படி 50 வருஷம் தாண்டினால்தான் 'வின்டேஜ்' என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது, பதினைந்து வருஷம் ஆனதும் ஆர்.சி. புதுப்பித்து, அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி போய் நிற்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த இரு சக்கர வண்டிக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 1000 ஆக்கினார்கள், இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025இல் அதையும் 2000 ஆக்கிவிட்டார்கள். அங்கே ஹெட்லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆக சார்ஜ் ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு சமாளிக்கவும் முடியாது, கட்டுரையில் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினால் எட்டாயிரம் பத்தாயிரம் என்று பில் வந்து நிற்கும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி அப்படித்தான் மாட்டினார். வண்டியைப் பிரித்து, சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்து, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். பதினைந்தாவது நாளே பேட்டரி டவுன். ஒர்க்‌ஷாப்பில் புதுப் பேட்டரி போட்டார்கள், அதுவும் டவுன். அப்புறம் ரெகுலேட்டர் போட்டார்கள். அதற்கும் சரிவராததால் "காயில் செட் மொத்தமாக மாற்றணும், மேக்னட்டும் வீக்" என்று ஒரு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார். நான் மெக்கானிக் இல்லை, மின்வாரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், மீட்டர் பிடிக்கத் தெரியும். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்தேன். இரண்டும் ஒரே எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் இரும்பு உடம்பு, என்பதால் அங்கே வோல்ட்டே காட்டக் கூடாது, காட்டினாலும் கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் அந்தப் பவுடர் கோட்டிங், கண்ணாடி மாதிரி. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரன்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரிகிறவரை தேய்த்து, புதுத் திம்பிள் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். பேட்டரி முனையில் 14 வோல்ட் வந்துவிட்டது. செலவு என்று பார்த்தால் திம்பிளும் வாஷரும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் வண்டியைப் புதுப்பித்ததுதான் எர்த்தைக் கெடுத்தது. உங்கள் கட்டுரையில் பெயின்ட் வேலையைப் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. எர்த் போல்ட் இருக்கிற இடத்தைப் பெயின்ட் அடிக்கும் முன் மறைத்து வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பேட்டரி காசு மிச்சமாகியிருக்கும்.

புல்லட்டின் சார்ஜிங் அப்படி ஒன்றும் சூட்சுமமான விஷயம் இல்லை. இடது பக்கம் பிரைமரி செயின் இருக்கிற மூடிக்குள் கிராங்க் முனையில் காந்தம் சுற்றுகிறது, அதைச் சுற்றி ஸ்டேட்டர், அதாவது நாம் காயில் என்று சொல்வது. அதில் வருவது ஏசி. ரெக்டிஃபையர் அதை டிசி ஆக்குகிறது. ரெகுலேட்டர் பேட்டரிக்குத் தேவைப்படாத மிச்சத்தைச் சூடாக்கி வெளியே விடுகிறது, அதனால்தான் அதன் உடம்பில் அலுமினிய மடிப்புகள். என் வண்டி உட்பட நிறைய பழைய புல்லட்களில் ஸ்டேட்டரிலிருந்து நான்கு வயர் வெளியே வரும். இரண்டு பேட்டரிக்கு, இரண்டு நேராக ஹெட்லைட்டுக்கு. ஆகவே ஹெட்லைட் ஜோராக எரிந்து ஹாரன் மட்டும் கமறினால் காந்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். அந்தத் தம்பியின் வண்டியில் ஹெட்லைட் கண்ணைக் கூசியது. அதைப் பார்த்த பிறகும் "மேக்னட் வீக்" என்று எஸ்டிமேட்டில் எழுதியதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொரு இலவச மீட்டர் வண்டியிலேயே இருக்கிறது. ஹெட்லைட்டுக்கு மேலே, ஸ்பீடோமீட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன ஆம்பியர் மீட்டர். பழைய புல்லட்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மிதிக்கும்போது முள் மைனஸ் பக்கமிருந்து நடுவுக்கு வருகிற இடம் பார்த்துத்தானே கிக் அடிப்பார்கள். பாயிண்ட் (இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரன்டை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை) மூடியிருந்தால் இக்னிஷன் காயில் மூன்று ஆம்பியர் சுமார் இழுக்கும், திறந்தால் இழுக்காது, அந்த ஆட்டம்தான் அது. ஸ்டார்ட் ஆனபின் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முள் பிளஸ் பக்கம் போக வேண்டும். கொடுத்தும் மைனஸிலேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. ஆனால் இந்த மீட்டரே வில்லனாவதும் உண்டு. பேட்டரிக்குப் போகிற வருகிற கரன்ட் முழுக்க இதன் முதுகில் இருக்கும் இரண்டு முனை வழியாகத்தான் போகிறது, இத்தனை வருஷ அதிர்வில் அந்த நட்டு தளர்ந்து, சூடாகி, திம்பிள் கறுத்துப் போயிருக்கும். ஹெட்லைட் வளையத்தின் ஸ்க்ரூவைக் கழற்றி, லைட்டை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக் அந்த இடத்தில் மட்டும் பழுப்பாகி முறுகியிருந்தால் உங்கள் சார்ஜ் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கை வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், அந்த இடத்தில் ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எந்த பார்ட்ஸும் வாங்கும் முன் முதலில் அதை வாங்குங்கள். பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு (5 ஏஎச், அதாவது ஆம்பியர்-ஹவர், பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும், அவசரப்பட்டு ஐந்து ஆம்பியரில் போட்டால் பிளேட் போய்விடும்) ஒரு ராத்திரி சும்மா விட்டுக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஹாரன் அடிக்கும்போது 11க்குக் கீழே சரிந்தால் பேட்டரிதான் ஆள். இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து அளக்க வேண்டும். பேட்டரி முனையில் பதின்மூன்றே முக்கால் முதல் பதினாலரை வரை வந்தால் சார்ஜிங்கில் குற்றமில்லை, வண்டி நிற்கும்போது எங்கேயோ கசிகிறது, அதைத் தேடுங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. 12லேயே நின்றால் முதலில் எர்த், அப்புறம் ஆம்பியர் மீட்டர் முனை, அப்புறம் ஃபியூஸ் கிளிப், இவை மூன்றையும் பார்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் ரெகுலேட்டர் மேலேயே சந்தேகப்பட வேண்டும்.

காயில் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். மூடியைக் கழற்றவே தேவையில்லை. ஸ்டேட்டரிலிருந்து வரும் சார்ஜிங் வயர் இரண்டையும் ரெகுலேட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க வோல்ட் ஏறிக்கொண்டே போக வேண்டும், இருபது முப்பது என்று. ஏறுகிறதா, காயிலும் காந்தமும் பெரும்பாலும் நலம், ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஏறவில்லையா, இன்ஜினை நிறுத்தி ஓம்ஸில் பாருங்கள். வயருக்கு வயர் ஒரு ஓம், இரண்டு ஓமுக்குள் ஏதோ காட்டும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே கால் ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வயருக்கும் பாடிக்கும் இடையில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினாலும் உடனே காயிலைக் குறை சொல்லிவிடாதீர்கள், செயின் மூடியிலிருந்து வயர் வெளியே வரும் அந்த ரப்பர் துளையைப் பாருங்கள். பல வருஷம் சூடான ஆயிலில் ஊறி வயரின் மேல்தோல் காய்ந்த சுள்ளியாக ஒடியும், இல்லையென்றால் உள்ளே செயின் உரசி உரித்துவிட்டிருக்கும். அந்த ஒரு முழம் வயரை மட்டும் ஆயிலும் சூடும் தாங்கும் வயராக மாற்றிச் சோல்டர் வைத்தால் வேலை முடிந்தது.

நிஜமாகவே காயில் எரிந்துபோயிருந்தால் புதிது இரண்டாயிரத்தைத் தாண்டும். அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? கோயம்புத்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பழைய காயிலைப் பிரிக்கும்போது எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு அப்படியே கட்டச் சொன்னால் கட்டித் தருவார்கள். ஒன்றே ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிடுங்கள், இது காற்றில் சுற்றும் மோட்டார் இல்லை, சூடான ஆயிலில் கிடக்கப் போகிறது, அதற்குத் தாங்கும் வார்னிஷ் வேண்டும். அதைச் சொல்லாமல் கட்டி வாங்கினால் ஆறு மாதத்தில் மறுபடி பிரிக்க வேண்டிவரும். திரும்ப மாட்டும்போது காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 8 தௌ, அதாவது 0.2 மில்லிமீட்டர், இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசிப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் குற்றம் கிராங்க் பேரிங்கில் இருக்கலாம். அந்த நிலையில் புதுக் காயில் போட்டாலும் அதையும் தின்றுவிடும்.

ஆறு வோல்ட் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காலத்து லூகாஸ் (இங்கிலாந்து மின்சாமான் கம்பெனி) முறை வண்டிகளில் வட்ட வட்டத் தகடு அடுக்கிய செலீனியம் ரெக்டிஃபையர் இருக்கும், அதற்கு அசல் தேடி அலைகிறார்கள், கிடைத்தாலும் யானை விலை. சென்னை ரிச்சி தெருவில் கேபிபிசி 3510 என்று கேளுங்கள். சதுரமாக, உலோக உடம்போடு, நடுவில் துளையோடு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் கொடுப்பார்கள். 35 ஆம்பியர் தாங்கும், நம் வண்டி தருவது அதில் பாதிகூட இல்லை. ஒரு டிபன் காசுதான் ஆகும். நான்கு கால்களில் மற்ற மூன்றுக்குக் குறுக்காகத் திரும்பியிருப்பது பிளஸ். சேசிஸில் வெறும் இரும்பு தெரியும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினால் சூடும் இறங்கிவிடும். ஆனால் இது ரெக்டிஃபையர் மட்டும்தான், வோல்ட்டைக் கட்டுப்படுத்தாது. பழைய முறையில் லைட் சுவிட்ச்தான் காயிலைக் கூட்டிக் குறைத்துச் சார்ஜைப் பார்த்துக்கொண்டது, அந்த சுவிட்ச் ஒழுங்காக இருந்தால் போதும்.

12 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். முடியும். காந்தம் வேகமாகச் சுற்றினால் வோல்ட் தானே ஏறும், அதனால் அதே காயிலில் 12 வோல்ட் ரெகுலேட்டர் வைத்தாலே பல வண்டிகளில் ஓடிவிடும். ஆனால் பேட்டரி, பல்புகள், ஹாரன், இண்டிகேட்டர் ஃபிளாஷர், இக்னிஷன் காயில் அத்தனையும் மாற்ற வேண்டும், ஐடிலில் நிற்கும்போது சார்ஜ் சுணங்கும். பகலில் மட்டும் வண்டி எடுக்கிறவர் ஆறு வோல்ட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கட்சி. அதேபோல் எல்.இ.டி. ஆசை. பைலட் லேம்ப், டெயில் லேம்ப் இரண்டையும் எல்.இ.டி. ஆக்கினால் பேட்டரிக்கு நல்ல ஓய்வு, செலவும் சொற்பம். ஹெட்லைட்டை மட்டும் யோசிக்காமல் மாற்றாதீர்கள். அதற்கு வருவது ஏசி, வேகத்துக்கு வேகம் வோல்ட் ஏறி இறங்கும், எல்.இ.டி. கண் சிமிட்டிச் சிமிட்டி ஒருநாள் உயிரை விட்டுவிடும்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பார்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஸ்டேட்டரை ஓம்ஸிலும், ரெக்டிஃபையரை டயோடு நிலையிலும் அங்கேயே நின்று பாருங்கள். டயோடு, அதாவது ரெக்டிஃபையருக்குள் கரன்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு, ஒரு பக்கம் 0.5 சுமார் காட்டி மறுபக்கம் ஒன்றுமே காட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காட்டினாலும், இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலும் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

இந்தக் கடிதத்தில் என் கோரிக்கை பார்ட்ஸ் செய்கிறவர்களுக்கும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கும்தான். கடையில் ரெகுலேட்டர் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் மேலே வண்டிப் பெயரும் சாமி படமும் இருக்கிறது. எத்தனை வாட், காயிலின் ஒரு முனை எர்த் ஆன வண்டிக்கா இரண்டு முனையும் தனியாக இருக்கிற வண்டிக்கா, எந்த வயர் எதற்கு என்று ஒரு வரி கிடையாது. எர்த் ஆன காயிலுக்கு மற்றதைப் போட்டால் முதல் நாளே சூடாகிப் போய்விடும், கடைக்காரர் "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டன் கிடையாது" என்று போர்டைக் காட்டுவார். தொழிற்சாலையில் தெரிந்த விஷயத்தைத்தானே அச்சடிக்கச் சொல்கிறோம்? ஒர்க்‌ஷாப்காரர்கள் கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும், பில்லில் மாற்றும் முன் எத்தனை வோல்ட், மாற்றிய பின் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண் எழுத வேண்டும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள், அவர்கள் இப்போதும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டதும் யாருக்குக் கோபம் வருகிறதோ அங்கே வண்டியை விடாதீர்கள்.

நீங்களும் அந்தப் பக்கத்தில் அடுத்த முறை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பேச வையுங்கள். குரோம் அடிக்கிற இடத்தின் விலாசம் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பழைய புல்லட்காரன்,
கும்பகோணம்.

பின்குறிப்பு: மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், பேட்டரியின் பிளஸ் முனைதான் சேசிஸில் மாட்டியிருக்கும். இன்றைய ரெகுலேட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. பார்க்காமல் மாட்டினால் டயோடு அந்த நொடியே போய்விடும், ஆகவே புதிதாக எதை மாட்டும் முன்னும் பேட்டரியின் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று வயரைக் கையால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.